பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

இங்க உக்காருங்கம்மா, தாராளமா உக்காரலாம். பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். அந்த சீட்டுல வெயில் அடிக்கும். எங்க எறங்கணும்? மார்க்கெட் ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு, முக்கால் மணி நேரம் ஆகும். நான் அதுக்கும் அங்கிட்டு, பேராயர் ஆபீஸ் வரைக்கும் போறேன். மனு குடுக்கப் போறேன். யாரு மேலன்னு கேக்கியளா? ரெண்டு பேரு மேல. ஒண்ணு எங்க ஐயரு. பாதிரியாரை நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், நீங்க வேற நெனச்சுக்கிடாதிய. இன்னொண்ணு, கோயில்ல மணியடிக்கிற மாசிலாமணி. மணியடிக்கிறவன் மேல மனு குடுக்கிற நெலமைக்கு என்னைக் கொண்டாந்து விட்டாவ பாத்தியளா, அதைத்தான் என்னால தாங்க முடியல.

என் பேரு ஹாரியட். எபநேசபுரத்துல ஹாரியட் டீச்சர்னு கேட்டா ஆடு மாடு கூட வழி சொல்லும். முப்பத்தி நாலு வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தேன். ரிட்டையர்டு ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு. சும்மா இருக்க முடியுமா? எங்க கோயில்ல ஆறுதல் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சேன். சோர்ந்து போனவங்க, சீக்காளிங்க, துக்க வீட்டுக்காரங்க, இவங்களைத் தேடிப்போய்த் திடப்படுத்தணும். அதுதான ஆண்டவர் செஞ்ச வேலை? குழுவுல ஆறு பேரு. ஆறு பேருன்னு பேருக்குத்தான். அஞ்சு பேரும் வாயில கொழுக்கட்டை வச்சிருப்பாளுவ. பேசுறது நான் ஒருத்திதான்.

எங்க ஊர்ல ஆறுதல் சொல்லத் தெரிஞ்சவ ஒருத்தி கிடையாதும்மா. துக்க வீட்டுக்குப் போவாளுவ. போய் மூக்கைச் சிந்திக்கிட்டு மூலையில உக்காந்துருவாளுவ. கேட்டா, 'என்ன சொல்லன்னே தெரியல டீச்சர்'ங்காளுவ. தெரியலைன்னா படிச்சிட்டு வரணும். நான் அப்படி இல்ல. எந்த வீட்டுக்கு எந்த வசனம், எந்தப் பாட்டுன்னு முதநாளே குறிச்சு வச்சிருவேன். ரெண்டு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வர்ற ஆளும் கிடையாது. பத்து மணிக்குப் போனா ஒரு மணி வரைக்கும் உக்காருவேன். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு கட்டாயப்படுத்துவாவ. மனசு நோகக்கூடாதேன்னு சாப்பிடுவேன். நான் ஒருத்திக்கு வீட்டுல என்ன பெரிய சமையல்? ஒரு நேரம் வடிச்சா ரெண்டு நாளைக்குக் கிடக்கும்.

நான் தெருவுக்குள்ள நொழஞ்சாலே நாலு வீட்டுல கதவு சாத்துற சத்தம் கேக்கும். எங்க ஊர்ல வெயில் அப்படி.

இப்போ பியூலா கதைக்கு வாரேன். மேலத் தெரு பியூலா. அவளுக்கு 'அ' எழுதக் கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தவ நான். அவ வீட்டுக்காரரு தவசிங், டவுன் பஸ் ஓட்டினவரு. நாலு வருஷம் முன்னால ஒரு பக்கம் விழுந்துருச்சு. வாய் கோணி, பேச்சும் போச்சு. காது மட்டும் நல்லா கேக்கும். அன்னைக்கு இருந்து அவதான் எல்லாம். தூக்கி உக்கார வைக்க, துடைக்க, கஞ்சி குடுக்க, புண்ணு வராமப் புரட்டிப் போட. பிள்ளை குட்டி கிடையாது. நான் வாரம் தவறாமப் போவேன். அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். ஒரு மரியாதை வேணும்லா. அவ ஓடி ஓடி பாய் விரிச்சு, சேலை மாத்தி, எல்லாருக்கும் காப்பி போட்டு... அந்த நேரமாவது அவளுக்கு ஒரு மாறுதல்.

ஒரு வியாழக்கிழமை நான் தனியாப் போயிருந்தேன். அவ துணி அலசிக்கிட்டு இருந்தா. அப்படியே கல்லு மேல உக்காந்து சொன்னா, 'டீச்சர், அலுத்துப் போச்சு. சில நாள், ஆண்டவர் இவியளைச் சீக்கிரம் எடுத்துக்கிட்டா தேவலன்னு தோணிருது. அப்படித் தோணுனதும் என்னையே செருப்பால அடிச்சுக்கிடலாமான்னு வருது.' சொல்லிட்டு அழுதா பாருங்க, ஈரக் கையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு. நான் உடனே நோட்டை எடுத்தேன். ஜெபக்குறிப்பு நோட்டு. யாருக்கு என்ன பாரமோ அதை எழுதி, வெள்ளிக்கிழமை மத்தியான உபவாசக் கூட்டத்துல மைக்குல வாசிப்பேன். சபையே சேந்து ஜெபிக்கும். பேரு சொல்லமாட்டேன். அது என் கொள்கை. அடையாளம் மட்டுந்தான் சொல்லுவேன்.

மறுநாள் வாசிச்சேன். 'மேலத் தெருவில், நான்கு ஆண்டுகளாக வாதத்தில் கிடக்கும் கணவரைப் பராமரிக்கிற ஒரு சகோதரி, அவரை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இந்த அவிசுவாசம் அவர்களை விட்டு நீங்க ஜெபிப்போம்.' பேரு சொன்னனா? நீங்களே சொல்லுங்க, சொன்னனா?

எங்க கோயில் கோபுரத்துல நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. நான் நின்னு கேட்டு வாங்கினது. வர முடியாத சீக்காளிங்க படுத்த எடத்துல கேக்கட்டும்னு. தவசிங் வீடு கோயிலுக்கு மூணாவது வீடு. அவரும் கேட்டிருக்காரு. நல்லதுதான?

அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து அந்த மனுஷன் வாயைத் தெறக்க மாட்டேன்னுட்டாரு. கஞ்சி கொண்டு போனா பல்லைக் கடிச்சுக்கிட்டு மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிடுதாரு. தண்ணி நனைச்ச பஞ்சை உதட்டுல வச்சாக்கூட துப்பிருதாரு. பியூலா காலைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கா. ரெண்டு நாள். மூணாம் நாள் டாக்டர் வந்து பாத்து குளுக்கோஸ் ஏத்திட்டு, மூக்கு வழியாக் குழாய் போடணும், அதுவும் இந்த ஒடம்பு தாங்குமோ என்னமோன்னு சொல்லிட்டாரு.

அன்னைக்கு பியூலா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. தலை கூட வாரல. 'ஏன் டீச்சர்?'னு கேட்டா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்கல. 'ஜெபத்துக்குத்தானம்மா சொன்னேன்'ன்னேன். திரும்பிப் போயிட்டா. இந்தக் காலத்துல நல்லது செஞ்சா நன்றி எதிர்பாக்கக் கூடாதும்மா.

நான் விட்டுருவனா? ஆறு பேரும் போனோம். அவரு கட்டிலைச் சுத்தி நின்னு நாலு பாட்டு பாடினோம். நான் முக்கால் மணி நேரம் சத்தமா ஜெபம் பண்ணினேன். அவரு முதல் பாட்டுலயே கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. எவ்வளவு கருத்தா ஜெபத்துல கலந்துக்கிட்டாருங்கீய! கண்ணுல தண்ணி வேற ஒழுகிச்சு. ஆவியானவர் கிரியை செய்தாருன்னு நான் சாட்சி கூட எழுதி வச்சிருக்கேன். ஆனா கஞ்சி மட்டும் குடிக்கல.

இங்கதான் இந்த மாசிலாமணி உள்ள வாரான். கோயிலைப் பெருக்கி, பெஞ்சைத் துடைச்சு, மணியடிச்சு, மைக் செட்டுக்கு சுவிட்ச் போடுறவன். கோயில்பிள்ளைன்னு சொல்லுவோம். நாலு வசனம் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. ஜெபம் பண்ணச் சொன்னா 'ஆண்டவரே, எல்லாரையும் பாத்துக்கிடும், ஆமென்'. முடிஞ்சு போச்சு. கோயில் சங்கக் கூட்டத்துல எல்லாரும் சிரிப்பாவ. அவன் ஐயருகிட்ட போய் அழுதிருக்கான். 'நான்தான ஐயா சுவிட்ச் போட்டேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டுலா'ன்னு. பாவமாம்! சுவிட்ச் போட்டது பாவம்னா கரண்டு குடுத்தவன் மேலயும் கேஸ் போடணும்.

அந்த மூணாம் நாள்ல இருந்து பன்னெண்டு மணி அடிச்சிட்டு நேரா பியூலா வீட்டுக்குப் போவான். 'அக்கா, நீங்க போய்ப் படுங்க. நாலு மணிக்கு எழுப்புதேன்'னு சொல்லுவானாம். அவளும் அடுப்பங்கரையில பாயைப் போட்டுத் தூங்குவாளாம். பட்டப்பகல்ல! புருஷன் பட்டினி கிடக்கான், பொண்டாட்டி தூங்குதா, மணியடிக்கிறவன் காவல். கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. சோர்ந்து போனவளைத் திடப்படுத்தணும். தூங்க வைக்கிறதா திடப்படுத்துறது?

நேர்ல பாத்துருவோம்னு அஞ்சாம் நாள் போனேன். வாசல்ல நிக்கான். 'டீச்சர், அக்கா இப்பத்தான் கண்ணசந்தாவ. எழுப்பாதிய'ன்னான். என்கிட்ட! ஆறுதல் குழுத் தலைவிகிட்ட! கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டேதான் சொன்னான், இருந்தாலும் வழியை விடலையே. நான் திரும்பிப் போகல. ஜன்னல் ஓரமா நின்னேன். ஒட்டுக்கேக்கல. காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்.

ஒரு வசனம் கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. தவசிங்குக்குச் சவரம் பண்ணி விட்டுக்கிட்டே ஊர்க் கதை பேசுதான். ஐயரு வீட்டுச் செடியை யாரு ஆடு மேஞ்சுட்டு, புது பஸ்சு டிரைவர் வளைவுல எப்படித் திருப்புதான், 'நீங்க ஓட்டின மாதிரி வருமா அண்ணாச்சி'. சீக்காளி கட்டில் பக்கத்துல பேசுற பேச்சா இது? அப்புறம் அவரைப் புரட்டிப் போடத் தூக்கினான். நல்ல கனம் அந்த மனுஷன். மூச்சு வாங்கிக் கட்டில்லயே உக்காந்துட்டான்.

உக்காந்துக்கிட்டு சொல்லுதான், 'அண்ணாச்சி, மூணு நாளுதான் தூக்கியிருக்கேன். எனக்கே அலுத்துப் போச்சு, பாத்துக்கிடுங்க. நேத்து வீட்டுக்குப் போகும்போது, இந்தத் தடியனை எவன் தூக்குறதுன்னு ஒங்களைத் திட்டிக்கிட்டேதான் போனேன். இன்னைக்கு பன்னெண்டு மணி எப்ப அடிக்கும்னு காத்துக் கிடந்து ஓடியும் வந்துட்டேன். அக்கா நாலு வருஷமாத் தூக்குதாவ. அலுத்துப் போச்சுன்னு ஒரு நாள் வாயை விட்டுச் சொல்லிட்டாவ. அலுப்புங்கிறது ஒடம்பு பேசுற பேச்சு. அதைக் கேட்டா கோவிச்சுக்கிடுவிய?'

அதுக்கு தவசிங் ஒரு சத்தம் போட்டாரு. நான் பயந்தே போயிட்டேன், உசிரு போகுதோன்னு. பாத்தா, சிரிக்காரு. பாதி வாயால. அந்தத் தடியன்னு சொன்னதுக்குச் சிரிக்காரு. சிரிச்சுக்கிட்டே அழுதாரு. அவன் கஞ்சியை எடுத்து ஒரு கரண்டி குடுத்தான். முழுங்கிட்டாரு. ரெண்டாவது கரண்டிக்கு வாயை மூடிக்கிட்டு, நல்லா இருக்கிற கையால அடுப்பங்கரைப் பக்கமாக் காட்டினாரு. அவ வரட்டும்னு. நாலு மணி வரைக்கும் ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தானுவ. நானும் ஜன்னல் ஓரத்துல நின்னேன். ஒரு நாற்காலி போட ஆளில்ல.

நாலு மணிக்கு அவ எந்திரிச்சு வந்தா. அவரு வாயைத் தெறந்துக்கிட்டு இருக்கிறதைப் பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா. அப்புறம் எந்திரிச்சுக் கஞ்சி குடுத்தா. 'சொன்னேன், சொன்னது உண்மைதான். போயிராதிய'ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தா. அவரு அவ தலையில கையை வச்சுக்கிட்டே குடிச்சாரு. ஒரு வார்த்தை ஜெபம் உண்டா? ஒரு ஸ்தோத்திரம் உண்டா? இதெல்லாம் ஒரு ஆறுதலாம்மா? நான் வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு கூட சாப்பிடல, அவ்வளவு ஆத்திரம்.

மறு வாரம் ஐயரு குழாய் ஸ்பீக்கர் நாலையும் கழட்டிட்டாரு. மாசிலாமணிதான் ஏணி போட்டு ஏறினான், சந்தோஷமா. என்னைக் கூப்பிட்டு, 'டீச்சர், நீங்க ரொம்ப ஒழைச்சிட்டிய. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க'ன்னாரு. ஓய்வாம்! நேத்துப் பொறந்த ஐயரு. ஓய்வு எடுத்து என்ன செய்ய? என் மக கோயம்புத்தூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. 'சாப்பிட்டியாம்மா, வச்சிரட்டா' அவ்வளவுதான். பாவம், அவளுக்கு வேலை. காலையில ஜெபம் பண்ணும்போது நானே வசனம் வாசிச்சு, நானே விளக்கம் சொல்லி, நானே ஆமென் போட்டுக்கிடுவேன். எனக்கு என்ன கொறை?

போன மாசம் ஐயரு பேச்சை மீறி பியூலா வீட்டுக்குப் போனேன். கதவைத் தெறந்தவ கொஞ்ச நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்னு நெனச்சாளோ என்னமோ. நான் எதுக்குக் கேக்கணும்? அப்புறம் 'உள்ள வாங்க டீச்சர், வெயில்ல நிக்காதிய'ன்னா. பாய் விரிக்கல, சேலை மாத்தல. சோறு போட்டா. கத்திரிக்காய் குழம்பு, உப்பு கம்மி. நான் சாப்பிட்டு முடியிற வரைக்கும் எதுக்க உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தா. நானும் பேசினேன், பேசினேன், மூணு மணி வரைக்கும் பேசினேன். ஒரு தடவை கூட கடிகாரத்தைப் பாக்கல அவ. அது ஒண்ணு சொல்லணும்.

கெளம்பும்போது, 'ஜெபக்குறிப்பு ஏதும் உண்டா?'னு கேட்டேன். நோட்டை எடுத்தேன். 'எழுதிக்கிடுங்க டீச்சர். நம்ம ஊர்ல ஒரு அம்மா இருக்காவ. வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்ல. அதனால வீடு வீடாப் போய்ப் பேசுதாவ. அவியளுக்கும் அலுத்துப் போச்சு. ஆனா அலுத்துப் போச்சுன்னு யாருகிட்டயும் சொல்லத் தெரியல. அவியளுக்காக ஜெபம் பண்ணுங்க'ன்னா. யாருன்னு கேட்டேன். 'பேரு சொல்லமாட்டேன் டீச்சர்'ன்னுட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நாளைக்கும் வாங்க. நோட்டு வேண்டாம். சும்மா வாங்க'ன்னா. சும்மா வர எனக்கு என்ன வேலை இல்லையா? நான் போகல.

ஆனா அந்த அம்மா யாருன்னு மட்டும் கண்டுபிடிக்க முடியலம்மா. ஊரு பூரா விசாரிச்சுட்டேன். கீழத் தெரு ரோஸ்லினா? அவளுக்கு மருமக இருக்கா, நாள் பூரா சண்டை. பேச ஆள் இல்லன்னு சொல்ல முடியாது. தபால்காரர் பொண்டாட்டியா? அவ வீட்டை விட்டு வெளியிலயே வரமாட்டா. குழுவுல அஞ்சு பேருகிட்டயும் கேட்டேன். அஞ்சும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்காளுவ. அந்த மாசிலாமணிகிட்டயும் வாய் விட்டுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'எனக்குத் தெரியாது டீச்சர்'ன்னான். அன்னைக்குச் சாயங்காலமே அவன் பொண்டாட்டிகிட்ட மீன்குழம்பு குடுத்து விட்டுருக்கான். நான் மனு எழுதுறது தெரிஞ்சு போச்சு, பயந்துட்டான். குழம்பு நல்லாத்தான் இருந்தது. அதுக்காக மனுவைக் கிழிச்சிர முடியுமா?

யாரா இருந்தா என்ன, குறிப்பு குறிப்புதான். தினமும் காலையில அந்த அம்மாவுக்காக ஜெபம் பண்ணுதேன். மத்த குறிப்பெல்லாம் கடகடன்னு வாசிச்சிட்டுப் போயிருவேன். அதுக்கு வந்தா மட்டும் நின்னுருது. 'ஆண்டவரே, அவளுக்கு அலுத்துப் போச்சு'ன்னு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கேம்மா. என் வீட்டுக்காரரு போனப்போ கூட நான் நாலு பேரு முன்னால அழுத ஆளு இல்ல. துக்கம் கேக்க வந்தவங்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இப்போ முகந்தெரியாத யாரோ ஒருத்திக்காக, முந்தானை நனையிற அளவுக்கு அழுதேன் இன்னைக்குக் காலையில. அடுத்தவங்க பாரத்தைச் சொமக்கிறதுன்னா இதுதான். இதை அந்த ஐயருக்கு யாரு எடுத்துச் சொல்லுவா?

என்னம்மா, அப்படிப் பாக்கிய? என் கையை எதுக்குப் பிடிச்சிருக்கிய? இல்ல, இருக்கட்டும், பரவாயில்ல. பிடிச்சுக்கிடுங்க.

எந்திரிச்சிட்டிய? மார்க்கெட் வந்துட்டா? அதுக்குள்ளயா?